நானூத்திப் பதிமூணாவது வெளியூர் ஆட்டம்

லொரைன்: ...அப்படிச் சாத்தினா மூடாது. இன்னொரு தடவை ஓங்கி அடி.

டெஸ்: ஒன்பது வருஷமா இதே கதவு, இதே பேச்சு.

லொரைன்: ஒன்பது வருஷமா நீயும் பூவை வைக்கிற மாதிரிதான் சாத்தறே. பெல்ட்டைப் போடு. மணி நாலே கால் ஆச்சு. கையில என்ன அது?

டெஸ்: ஃபிளாஸ்க். சர்க்கரை இல்லாம உனக்கு ஒண்ணு. ரெண்டு கரண்டி போட்டு எனக்கு ஒண்ணு.

லொரைன்: பாத்தியா? புருஷன் பொண்டாட்டியா இருந்த பதினெட்டு வருஷமும் ஒரே ஃபிளாஸ்க். விவாகரத்து ஆனதும் ரெண்டு. வக்கீலுக்குக் குடுத்த காசு வீண் போகலை.

டெஸ்: ரோட்டைப் பாரு.

லொரைன்: ரோடு எங்கயும் ஓடிப் போயிடாது. சாண்ட்விச்ல என்ன?

டெஸ்: சீஸும் வெங்காய ஊறுகாயும்.

லொரைன்: ஸ்பெயின்ல இந்த ஊறுகாய் கிடைக்காதாம். என் தங்கச்சி சொன்னா. வரும்போது நாலு பாட்டில் தூக்கிட்டு வான்னா. சனிக்கிழமை காலையில ஆறு இருபதுக்கு விமானம்.

டெஸ்: தெரியும்.

லொரைன்: உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். மூணு வாரமா அந்த ஒரு வார்த்தைதான் சொல்றே. வீட்டை வாடகைக்கு விட்டுட்டேன்னு சொன்னேன், 'தெரியும்'. தங்கச்சி வீட்டோடவே இருந்துடப் போறேன்னு சொன்னேன், 'தெரியும்'.

டெஸ்: வேற என்ன சொல்றது? நல்ல ஊரு. வெயில் அடிக்கும்.

லொரைன்: அடிக்கும்.

டெஸ்: உன் முழங்காலுக்கு நல்லது.

லொரைன்: என் முழங்கால் மேல உனக்கு இவ்வளவு அக்கறைன்னு தெரிஞ்சிருந்தா, அன்னிக்கே அதை உன் பேருக்கு எழுதி வெச்சிருப்பேனே.

டெஸ்: எனக்கு எதுக்கு அது? என்னுதே ரெண்டும் போச்சு.

லொரைன்: ...ரேடியோவைப் போடு.

டெஸ்: வேண்டாம்.

லொரைன்: ஏன்? மூணு வாரமா மழை கொட்டு கொட்டுன்னு கொட்டுது. ஆட்டம் உண்டா, தள்ளிப் போச்சான்னு உள்ளூர் செய்தியில சொல்லுவாங்களே.

டெஸ்: ரேடியோ கேட்டா தலை வலிக்குது.

லொரைன்: இது எப்போலேர்ந்து?

டெஸ்: மத்தியானத்துலேர்ந்து.

லொரைன்: ஒரு... ரெண்டு மணியிலேர்ந்தா?

டெஸ்: ஏன் ரெண்டு மணி?

லொரைன்: சும்மா வாயில வந்த நேரத்தைச் சொன்னேன். சரி, உன் ஃபோனையாவது பாரு. காலின் நம்ம குழுவுல ஏதாவது போட்டிருப்பான்.

டெஸ்: சார்ஜ் இல்லை.

லொரைன்: உன் ஃபோன்லயா? வெளியூர் ஆட்டம்னா முந்தின நாளே சார்ஜ் ஏத்தி, தலைமாட்டுல வெச்சுக்கிட்டுத் தூங்கற ஆளாச்சே நீ?

டெஸ்: மறந்துட்டேன். மனுஷன்தானே? உன்னுது எங்க?

லொரைன்: கோட்டுப் பையில. கோட்டு டிக்கியில. வண்டியை நிறுத்தி எடுக்கட்டுமா?

டெஸ்: வேண்டாம், வேண்டாம். நேரமாயிடும். ஆட்டம் கண்டிப்பா நடக்கும்.

லொரைன்: கண்டிப்பாவா?

டெஸ்: ஸ்கார்பி கடலோர ஊரு. மணல் பூமி. தண்ணி நிக்காது.

லொரைன்: ஓ, மண்ணு ஆராய்ச்சியெல்லாம்கூடப் பண்ணியிருக்கே. நான் செயலாளரா இருந்தவரைக்கும் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆச்சுன்னா ஃபோன் காதோட ஒட்டிக்கிட்டே இருக்கும். நடுவர் வந்துட்டாரா, மைதானம் காய்ஞ்சுதா, ஆட்டத்தை எங்க வைக்கறது... பதினாலு வருஷம். போன சனிக்கிழமை சாவிக்கொத்தைக் காலின் கையில குடுத்தேன் பாரு, தோளே லேசாயிடுச்சு.

டெஸ்: காலினுக்கு ஒரு கடுதாசி உருப்படியா எழுத வராது.

லொரைன்: கத்துப்பான். நான் இல்லைன்னா மார்ஸ்லி டவுன் கால்பந்துக் கழகம் இழுத்து மூடிடுமா என்ன?

டெஸ்: மூடாது.

லொரைன்: வேற என்ன ஆகும்? நான் இல்லைன்னா?

டெஸ்: ...நோட்டீசுல எழுத்துப்பிழை வரும்.

லொரைன்: அவ்வளவுதானா?

டெஸ்: நிறைய வரும்.

லொரைன்: அட ராமா. இந்த ஆளுகூடப் பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தினேன்னு சொன்னா ஒரு மெடலாவது குடுப்பாங்க. டீயை ஊத்து.

டெஸ்: ஓட்டும்போது குடிக்காதே. மலை மேல ஏறப் போறோம், பனி இருக்கும்.

லொரைன்: ஊத்துன்னு சொன்னா ஊத்து.

டெஸ்: இந்தா... மெதுவா. சூடு.

லொரைன்: இன்னிக்கு யாரு யாரு ஆடறா?

டெஸ்: யாரு?

லொரைன்: நம்ம பசங்கய்யா. பட்டியலைக் காலின் சொல்லியிருப்பானே.

டெஸ்: ஆங்... வழக்கம் போலத்தான். கோல்ல அந்தக் குழாய் ரிப்பேர்க்காரன். முன்னாடி போஸ்ட்மேன் பையன்.

லொரைன்: செவ்வாய்க்கிழமைன்னா போஸ்ட்மேன் பையனால ஓடவே முடியாதே. விடியக்காலையில எழுந்து பத்து மைல் நடந்து தபால் குடுத்துட்டு வர்றவன். அவனை இவ்வளவு தூரம் வேற இழுத்துட்டு வர்றாங்களா?

டெஸ்: வர்றான்னுதான் சொன்னாங்க.

லொரைன்: யாரு சொன்னா? உன் ஃபோன்லதான் சார்ஜ் இல்லையே.

டெஸ்: காலையில சொன்னாங்க. அப்போ சார்ஜ் இருந்துச்சு.

லொரைன்: சரி, சரி. ஏன் காது சிவக்குது?

டெஸ்: உன் வண்டியில ஹீட்டர் என் பக்கம் மட்டும்தான் அடிக்குது.

லொரைன்: ...இது எத்தனையாவது?

டெஸ்: எது?

லொரைன்: உன் கணக்கு. தொடர்ச்சியா ஒண்ணுகூட விடாம நீ பாத்த வெளியூர் ஆட்டம்.

டெஸ்: இன்னிக்கோட நானூத்திப் பதிமூணு.

லொரைன்: நானூத்திப் பன்னெண்டுக்கும் வண்டி ஓட்டினவ நான். கணக்கு மட்டும் உன் பேர்ல.

டெஸ்: நீயும்தான் பாத்தே. உன் பேர்லயும் எழுதிக்கோ.

லொரைன்: எனக்கு எதுக்கு? நான் என்ன கல்லறையிலயா பொறிக்கப் போறேன்? கடைசியா நீ விட்டது எது, ஞாபகம் இருக்கா?

டெஸ்: பதினேழு வருஷம் முன்னாடி. உங்கம்மா அடக்கம்.

லொரைன்: அன்னிக்கும் ஒரு வார்த்தை பேசலை நீ. எல்லாரும் வந்து கட்டிப் பிடிச்சாங்க, ஆறுதல் சொன்னாங்க. நீ சர்ச்சு வாசல்ல குடையை என் தலைக்கு மேல பிடிச்சிக்கிட்டு நின்னே. உன் கோட்டு பூரா நனைஞ்சு போச்சு.

டெஸ்: சின்னக் குடை அது.

லொரைன்: அந்தக் குடைக்காகத்தான் அதுக்கப்புறம் எட்டு வருஷம் உன்னைத் தாங்கினேன். தெரியுமா?

டெஸ்: ...தெரியாது.

லொரைன்: அப்பாடா. ஒரு விஷயமாவது 'தெரியாது'ன்னு சொன்னியே.

டெஸ்: லாரி வருது. இடது பக்கம் ஒதுங்கு.

லொரைன்: பாத்துட்டேன். நான் வண்டி ஓட்ட ஆரம்பிச்சப்போ நீ டிரைவிங் டெஸ்ட்ல மூணாவது தடவை தோத்துக்கிட்டு இருந்தே.

டெஸ்: நாலாவது.

லொரைன்: அதைப் பெருமையா வேற திருத்தறான் பாரு. ...ஆமா, அடுத்த வாரத்துலேர்ந்து யாரு உன்னைக் கூட்டிட்டுப் போவா?

டெஸ்: அணியோட மினிபஸ்ல ஒரு இடம் இருக்குன்னு காலின் சொன்னான்.

லொரைன்: ஓ.

டெஸ்: பந்து மூட்டைக்குப் பக்கத்துல.

லொரைன்: ஏற்பாடெல்லாம் ஆயாச்சா அப்போ?

டெஸ்: கேட்டு வெச்சேன். அவ்வளவுதான்.

லொரைன்: விவாகரத்து அன்னிக்கும் இதேதான். வக்கீல் கேட்டார், 'இவங்க பிரிஞ்சு போறதைப் பத்தி நீங்க ஏதாவது சொல்லணுமா'ன்னு. நீ அஞ்சு நிமிஷம் கூரையைப் பாத்துட்டு என்ன கேட்டே?

டெஸ்: விடு.

லொரைன்: 'சனிக்கிழமை ஆட்டத்துக்கு யாரு வண்டி ஓட்டுவா'ன்னு கேட்டே. அந்த வக்கீல் பாவம், சிரிக்கறதா அழறதான்னு தெரியாம பேனாவைக் கீழ போட்டு எடுத்தார்.

டெஸ்: நீ 'நான்தான் ஓட்டுவேன்'னு சொன்னியே.

லொரைன்: சொன்னேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

டெஸ்: எனக்கு வேற எப்படிக் கேக்கறதுன்னு தெரியலை.

லொரைன்: எதை?

டெஸ்: ...ஒண்ணும் இல்லை. அந்தப் பக்கம் பாரு, பனி இறங்குது.

லொரைன்: பனி இறங்கறது எனக்கும் தெரியுது. நீ பேச்சை மாத்தறதும் தெரியுது.

டெஸ்: மெதுவாப் போ.

லொரைன்: மெதுவாத்தான் போறேன். மாட்டு வண்டிகூட நம்மளைத் தாண்டிப் போகும். ...டெஸ், எதிர்ல ஒரு நீலப் பஸ் போச்சே, பாத்தியா?

டெஸ்: இல்லை.

லொரைன்: ஜன்னல்ல மஞ்சளும் நீலமுமா கழுத்துத்துணி தொங்கிச்சு. ஸ்கார்பி நிறம்தானே அது?

டெஸ்: பள்ளிக்கூடப் பஸ்ஸா இருக்கும்.

லொரைன்: உள்ள இருந்ததுல ரெண்டு பேருக்குத் தாடி.

டெஸ்: வாத்தியாருங்க.

லொரைன்: ஓ. ஸ்கார்பிக்காரங்க நம்ம ஊரைப் பாத்துப் போறாங்க, நாம அவங்க ஊரைப் பாத்துப் போறோமேன்னு ஒரு நிமிஷம் குழம்பிட்டேன்.

டெஸ்: குழம்பாதே. ரோட்டைப் பாரு.

லொரைன்: நம்ம ஆளுங்க வண்டி ஒண்ணையும் காணோமே? வழக்கமா இந்த மலை உச்சியில பாப்பும் அவன் மச்சானும் ஹாரன் அடிச்சுட்டுத் தாண்டுவாங்க.

டெஸ்: சீக்கிரம் கிளம்பியிருப்பாங்க.

லொரைன்: பாப் எந்தக் காலத்துல சீக்கிரம் கிளம்பினான்? சொந்தக் கல்யாணத்துக்கே நாப்பது நிமிஷம் லேட்டு.

டெஸ்: அப்போ பின்னாடி வர்றான்.

லொரைன்: ஆமா. ஒண்ணு முன்னாடி போயிருக்கணும், இல்லை பின்னாடி வரணும். வேற எங்க போவான்? ...இங்க நிறுத்தறேன். எனக்கு பாத்ரூம் போகணும்.

டெஸ்: இந்தக் கடைவீதியிலயா?

லொரைன்: பதினேழு வருஷமா இங்கதானே நிறுத்தறோம்? நம்ம மினிபஸ்ஸும் இங்கதான் நிக்கும். பசங்க வெளியில நின்னு சிப்ஸ் தின்னுக்கிட்டு இருப்பாங்க.

டெஸ்: இன்னிக்கு நிக்காது.

லொரைன்: ஏன்?

டெஸ்: ...பயிற்சியாளர் சிப்ஸ் தின்னக் கூடாதுன்னுட்டார்.

லொரைன்: அப்படியா? பத்தொன்பதாவது இடத்துல இருக்கற அணிக்கு இப்பத்தான் சுடலை ஞானம் வந்துச்சா? சரி, நீ வண்டியிலயே இரு. காது ஆறட்டும்.

டெஸ்: லொரைன்.

லொரைன்: என்ன?

டெஸ்: வந்து...

லொரைன்: சொல்லு.

டெஸ்: அது... நீ போயிட்டு...

லொரைன்: நான் போயிட்டு?

டெஸ்: ...வரும்போது மிட்டாய் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வா.

லொரைன்: மிட்டாய்.

டெஸ்: புதினா போட்டது.

லொரைன்: சத்தியமா சொல்றேன் டெஸ், என்னிக்காவது ஒரு நாள் உன்னை இந்த மலை மேலயே இறக்கி விட்டுட்டுப் போயிடுவேன்.

டெஸ்: முதல்ல மிட்டாய். அப்புறம் இறக்கி விடு.

லொரைன்: ...இந்தா உன் மிட்டாய். மினிபஸ்ஸைக் காணோம். நீ சொன்னது சரி. ஞானம்தான் வந்திருக்கு.

டெஸ்: தேங்க்ஸ்.

லொரைன்: ஏன் டெஸ், நம்ம ஊர்ல ஆட்டம் நடக்கும்போது நாம என்ன பேசிக்கறோம்னு எப்பவாவது யோசிச்சிருக்கியா?

டெஸ்: என்ன பேசறோம்? நீ டீக்கடைப் பக்கம் நிப்பே, நான் கொட்டகைப் பக்கம் நிப்பேன்.

லொரைன்: வீடு எனக்கு, நாய் உனக்கு, மைதானம் ஆளுக்குப் பாதி. இடைவேளையில நம்ம அணி பக்கம் மாறும். கோலுக்குப் பின்னாடி நிக்கணும்னு ஜனமெல்லாம் பக்கம் மாறும். நீ இந்தப் பக்கத்துலேர்ந்து அங்க வருவே, நான் அங்கேர்ந்து வீம்புக்கு இங்க வருவேன். பாதி வழியில பாத்துப்போம். என்ன சொல்லுவே?

டெஸ்: 'குளிருதுல்ல'ம்பேன்.

லொரைன்: ஆகஸ்ட் மாசத்துலயும் அதேதான் சொல்றே.

டெஸ்: பத்து செகண்டுல வேற என்ன சொல்ல முடியும்? பின்னாடி நூறு பேர் டீக் கோப்பையோட தள்ளிக்கிட்டு வர்றாங்க.

லொரைன்: அதான் வெளியூர் ரோடு இருக்கே. ஒவ்வொரு தடவையும் ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம். இங்க யாரு தள்ளறா?

டெஸ்: ...யாரும் இல்லை.

லொரைன்: இன்னிக்குத்தான் கடைசி ரோடு.

டெஸ்: தெ...

லொரைன்: 'தெரியும்'னு மட்டும் சொன்னே, மிட்டாயைப் பிடுங்கிக்குவேன்.

டெஸ்: ...நீ அங்க போனா உனக்குப் பொழுது போகாது.

லொரைன்: ஏன் போகாது? கடல் இருக்கு, தங்கச்சி இருக்கா.

டெஸ்: உனக்கும் உன் தங்கச்சிக்கும் ரெண்டு நாளுக்கு மேல ஒத்து வராது.

லொரைன்: அதனால?

டெஸ்: அதனால ஒண்ணும் இல்லை. சொன்னேன்.

லொரைன்: மேல சொல்லு. வந்துடும் போல இருக்கு. கொஞ்சம் முக்கினா வந்துடும்.

டெஸ்: கிண்டல் பண்ணாதே. கிண்டல் பண்ணினா வர்றதும் உள்ள போயிடுது.

லொரைன்: ...சரி. பண்ணலை.

டெஸ்: ஊரு வந்துடுச்சு. போர்டு தெரியுது.

லொரைன்: ஸ்கார்பியே, நீ கொஞ்சம் தள்ளி இருந்திருக்கக் கூடாதா? மணி ஏழே முக்கால். பனியில ஊர்ந்ததுல ஆட்டம் ஆரம்பிக்கற நேரமே ஆயிடுச்சு.

டெஸ்: அடடா. என்ன இது, விளக்கே எரியலையே?

லொரைன்: ஆமா. கும்மிருட்டா இருக்கு.

டெஸ்: ஆச்சரியமா இருக்கே!

லொரைன்: எனக்கும் ஆச்சரியம் தாங்கலை.

டெஸ்: கேட்டுல யாரோ டார்ச் அடிக்கறாங்க. கண்ணாடியை இறக்கு.

நார்மன்: யாரு அங்க? வண்டியை அந்தப் பக்கம் விடாதீங்க! சேறு. சக்கரம் மாட்டிக்கிட்டா கோடைக்குத்தான் எடுக்க முடியும்.

லொரைன்: ஆட்டம் பாக்க வந்தோம். மார்ஸ்லிலேர்ந்து.

நார்மன்: மார்ஸ்லிலேர்ந்தா? அடக் கடவுளே. நான் நார்மன், இந்த மைதானத்தைப் பாத்துக்கறவன். இங்க ஏது ஆட்டம்? ஒரு கோல்லேர்ந்து அந்தக் கோல் வரைக்கும் தண்ணி. மத்தியானம் நடுவர் வந்து பாத்தார், பெனால்டி புள்ளியில ரெண்டு வாத்து நீந்திக்கிட்டு இருந்துச்சு.

டெஸ்: ஐயோ! ஆட்டம் தள்ளிப் போச்சா?

நார்மன்: தள்ளிப் போகலை. மழையால ஏற்கெனவே ஆறு ஆட்டம் பாக்கி. அதனால லீக் நடத்தறவங்க இடத்தை மாத்திட்டாங்க. இன்னிக்கு உங்க ஊர்ல, ஏப்ரல்ல இங்க. எங்க பசங்க நாலு மணிக்கே கிளம்பிட்டாங்களே, நீல பஸ்ல. வழியில பாக்கலையா?

லொரைன்: பாத்தோம். வாத்தியாருங்கன்னு நினைச்சோம்.

நார்மன்: உங்க வீட்டு வாசல்லயே ஆட்டம் நடக்குது, நீங்க மூணரை மணி நேரம் வண்டி ஓட்டி இங்க வந்து நிக்கறீங்க. முப்பது வருஷத்துல இப்படி ஒரு ஜோடியை நான் பாத்ததில்லை.

டெஸ்: எங்களுக்கு யாருமே சொல்லலை. புதுச் செயலாளர், சின்ன... அனுபவம் போதாது.

நார்மன்: சொல்லலையா? என்னய்யா இது அநியாயமா இருக்கு? ஒண்ணரை மணிக்கு நானே உங்க செயலாளருக்கு ஃபோன் பண்ணிச் சொன்னேனே. எங்க புத்தகத்துல இருந்த நம்பர்தான். பின்னாடி பாத்திரம் கழுவற சத்தம். 'சரி நார்மன், எங்க ஆளுங்களுக்கு நான் சொல்லிடறேன், நீ வாத்தைப் பாத்துக்கோ'ன்னு சொன்னாங்க. லொரைன்னு ஒரு அம்மா.

லொரைன்: ...டீ கிடைக்குமா நார்மன்?

நார்மன்: இருங்க. இந்தக் குரல்... நீங்கதானே அது?

லொரைன்: நான்தான். பொறுப்பைக் குடுத்தாச்சு, நம்பரை மாத்தச் சொல்ல மறந்துட்டேன்.

டெஸ்: லொரைன்! உனக்குத் தெரியுமா?

லொரைன்: என்ன சத்தம்? நீ மட்டும் என்னவாம்?

டெஸ்: எனக்கு எப்படித் தெரியும்? என் ஃபோன்லதான்...

லொரைன்: உடனே காலினைக் கூப்பிட்டுச் சொன்னேன். ரெண்டு மணிக்குக் குழுவுல போட்டான். போட்ட மறு நிமிஷம் முதல் ஆளா ஒருத்தன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கான். யாரு அது? டெஸ்மண்ட் ஹக்ஸ்டபிள்னு பேரு போட்டிருந்துச்சு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுன்னா, முதல்ல அந்த விரலை இறக்கியிருக்கணும்.

டெஸ்: பழக்க தோஷம். எது வந்தாலும் கட்டைவிரல் போட்டுடறேன்.

நார்மன்: ஒரு நிமிஷம். ஆட்டம் இங்க இல்லைன்னு இவருக்கும் தெரியும்?

லொரைன்: தெரியும்.

நார்மன்: உங்களுக்கும் தெரியும்?

டெஸ்: தெரியும்போல.

நார்மன்: தெரிஞ்சே ரெண்டு பேரும்... சரி. நான் எதுவும் கேக்கலை. ஆட்டத்துக்குன்னு வாங்கின மாட்டுக்கறி பேஸ்ட்ரி அறுபது உள்ள சும்மா கிடக்கு. ரெண்டு சூடு பண்றேன். நீங்க பேசிட்டு வாங்க.

லொரைன்: ...நல்ல மனுஷன்.

டெஸ்: ஆமா.

லொரைன்: சொல்லு. மூணரை மணி நேரம் பொய்யா பொய்யா அடுக்கினியே. சிப்ஸ் தடையாம், தாடி வெச்ச பள்ளிக்கூடமாம். எதுக்கு?

டெஸ்: ஆட்டம் நம்ம ஊர்லன்னா... நீ டீக்கடைப் பக்கம் போயிடுவே.

லொரைன்: போயிடுவேன்.

டெஸ்: எனக்குப் பத்து செகண்டுதான் கிடைக்கும். பத்து செகண்டுல சொல்ற விஷயம் இல்லை இது. அதான் ரோடு வேணும்னு நினைச்சேன். ரோடு பூராவும் சொல்லிடலாம், சொல்லிடலாம்னுதான் வந்தேன். ஒவ்வொரு ஊரா தாண்டிப் போயிடுச்சு.

லொரைன்: ரோடு முடிஞ்சு போச்சு டெஸ். கடல் வந்துடுச்சு. இதுக்கு மேல ஓட்ட இடம் இல்லை.

டெஸ்: தெரியும். ...இல்லை, அதைச் சொல்ல வரலை. இரு.

லொரைன்: இருக்கேன்.

நார்மன்: ஏங்க! உள்ள ஃபோன்ல வருது! உங்க ஆளு கோல் போட்டுட்டான், மூணாவது நிமிஷத்துல! போஸ்ட்மேனாம்!

லொரைன்: டெஸ், கோல்.

டெஸ்: கேட்டுச்சு.

லொரைன்: நவம்பருக்கு அப்புறம் நம்ம ஊர்ல முதல் கோல். நீ திரும்பிக்கூடப் பாக்கலை.

டெஸ்: போகட்டும். லொரைன்... போகாதே. ...சொல்லிட்டேன். போகாதே. நீ ஒன்பது வருஷம் முன்னாடி போனப்பவே சொல்லியிருக்கணும். வக்கீல்கிட்ட யாரு வண்டி ஓட்டுவான்னு கேட்டது வண்டிக்காக இல்லை. உன்னை வாரத்துக்கு ஒரு நாளாவது பாக்கணும்னு கேட்டேன், வாய் அப்படித்தான் போச்சு. எனக்கு மினிபஸ் வேண்டாம். நானூத்திப் பதிமூணும் வேண்டாம். இந்த ஒன்பது வருஷமா அந்தக் கணக்கே, ஒண்ணு விட்டாலும் அந்த வாரம் உன்னைப் பாக்க முடியாதேன்னுதான். உங்கம்மா போனதுக்கப்புறம் ஒண்ணுகூட விடலைன்னா, நீ வண்டி எடுக்கற ஒரு நாளைக்கூட விடலைன்னு அர்த்தம்.

லொரைன்: ...

டெஸ்: ஏதாவது சொல்லு. இவ்வளவு நேரம் என்னைப் போட்டுத் தாளிச்சியே.

லொரைன்: மூச்சு வாங்கிக்கறேன். இரு.

டெஸ்: அழறியா?

லொரைன்: கடல் காத்து. கண்ணுல உப்பு.

டெஸ்: இந்தா, கைக்குட்டை. ...ஆமா, உனக்குத்தான் ஒண்ணரை மணிக்கே தெரியுமே. எனக்குச் சொல்லணும்னு இருந்துச்சு, வந்தேன். நீ எதுக்கு வந்தே? நீ எதுக்கு இந்தப் பனியில இவ்வளவு தூரம் ஓட்டினே?

லொரைன்: அந்த விமானத்துல உனக்கும் ஒரு சீட்டுப் போட்டு மூணு வாரம் ஆச்சு, டெஸ். ஒவ்வொரு வெளியூருக்கும் இன்னிக்கு எப்படியாவது சொல்லிடணும்னுதான் வண்டியை எடுக்கறேன்... உன்னை ஊமைன்னு திட்டி முடிக்கறதுக்குள்ள ஊரு வந்துடுது.